மூடிய இறகில் மட்டும் தெரியும் வைரம்

தொட்டியில் வளர்த்துவந்த கடுகுச் செடியின் இலையடியில், நரம்பை ஒட்டினாற்போல, உலர்ந்த பூவிதழின் துணுக்கு ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். ஊதிவிடலாம் என்று குனிந்தபோது, அந்தத் துணுக்கின் முன்புறத்திலிருந்து மயிரிழை போன்ற இரண்டு கொம்புகள் நேராக முன்னோக்கி நீண்டிருப்பது கண்ணில் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸை எடுத்து வந்து பார்த்தேன். உடல் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். முதுகின் நடுக்கோட்டில் தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கம் வரை, வெளிர்மஞ்சள் கலந்த வெண்மை நிறத்தில் மூன்று சாய்சதுரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாகக் கோத்தாற்போல் இருந்தன. வேளாண்மையில் ஈடுபட்டவர்கள் வைரமுதுகு அந்துப்பூச்சி என்று அழைக்கும் உயிர் அது. அறிவியல் பெயர் புளூட்டெல்லா சைலோஸ்டெல்லா.

அன்று தொடங்கிய ஈடுபாடு இன்றும் குறையவில்லை. முட்டைக்கோசு, பூக்கோசு, முள்ளங்கி, கடுகு ஆகியவற்றைப் பயிரிடுவோருக்கு இது உலகெங்கும் பெருந்தொல்லை என்பதால், இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை இதைக் கொல்வது எப்படி என்பதோடு நின்றுவிடுகின்றன. இது எப்படி இருக்கிறது, இது இன்னதுதான் என்று எதைக் கொண்டு முடிவுசெய்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே இடம் மிகக் குறைவு. எனக்கோ அந்த இரண்டு கேள்விகளும்தான் முதன்மையானவை. ஏனெனில், கண்ணுக்கு முதலில் தெரியும் அடையாளம் ஓரளவு தூரம் மட்டுமே நம்மை அழைத்துச் செல்லும் என்பதை இந்தப் பூச்சியைப் போல் தெளிவாக எனக்குக் காட்டிய உயிர் வேறில்லை.

அந்த வைரங்களிலிருந்தே தொடங்குகிறேன். அவை பூச்சியின் முதுகில் இல்லை. தனியாக ஓர் இறகிலும் இல்லை. முன்னிறகு குறுகலானது, நீளமானது. சாம்பல் பழுப்பு நிறமுடையது. ஆங்காங்கே கரும்புள்ளிகள் தூவியது. அதன் பின்விளிம்பை ஒட்டி வெளிர்நிறப் பட்டை ஒன்று அடிமுதல் நுனிவரை ஓடுகிறது. அந்தப் பட்டையின் மேற்கரை நேராக இல்லாமல், அலைபோல் மூன்று இடங்களில் உயர்ந்தும் இடையிடையே தாழ்ந்தும் செல்கிறது. பூச்சி ஓய்வாக அமரும்போது இரண்டு முன்னிறகுகளும் ஓட்டுக்கூரைபோல் இருபுறமும் சரிந்து, பின்விளிம்புகள் முதுகின் நடுவில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அப்போது இடது இறகின் அலையும் வலது இறகின் அலையும் எதிரெதிரே சேர்ந்து மூன்று முழு வைரங்களாகின்றன. பறக்கும்போது வைரம் இல்லை. இறகை விரித்து ஊசியில் பொருத்திப் பதப்படுத்திய மாதிரியிலும் வைரம் இல்லை, இருபுறமும் பிளந்துபோன பாதி அலைகளே எஞ்சுகின்றன. ஊசியில் விரித்த படங்களை மட்டுமே பார்த்துப் பழகியவர் உயிருள்ள பூச்சியைக் கண்டு தடுமாறுவதும், உயிருள்ளதையே பார்த்துப் பழகியவர் விரித்த மாதிரியை அடையாளம் காணாமல் போவதும் இதனால்தான். சிறு அந்துப்பூச்சிகளைப் படமெடுப்பவர்கள் ஓய்வுநிலையைக் கட்டாயம் படமெடுக்க வேண்டும் என்று நான் விடாமல் வலியுறுத்துவதற்கும் இதுவே காரணம். இறகை எப்படி மடிக்கிறது என்பதும் இறகின் நிறத்துக்குச் சற்றும் குறையாத அடையாளமே.

ஓய்வுநிலையில் கவனிக்கத்தக்கவை இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, இறகின் நுனி. விளிம்பிலுள்ள நீண்ட மயிர்ச்செதில்கள் காரணமாக அது சற்றே மேல்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் பார்க்கும்போது சேவலின் வால்போல் தோன்றும். இரண்டாவது, நான் முதலில் கண்ட அந்த உணர்கொம்புகள். அமர்ந்திருக்கும்போது கொம்புகளைப் பின்னோக்கி மடித்து இறகுக்கு அடியிலோ மேலோ கிடத்திக்கொள்ளும் அந்துப்பூச்சிகள் ஏராளம். இந்தப் பூச்சியும் இதன் உறவினங்களும் அவற்றை முன்னே நீட்டியபடியே ஓய்வெடுக்கின்றன. இதே புளூட்டெல்லா பேரினத்தைச் சேர்ந்த இன்னோர் இனத்துக்கு, உயிர்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் சூட்டிய பெயர் போரெக்டெல்லா. அதற்குள் இருக்கும் லத்தீன் சொல்லுக்கு ‘முன்னோக்கி நீட்டிய’ என்பதே பொருள்.

நிறம் என்று எழுதிவிட்டேன். அதிலும் எச்சரிக்கை வேண்டும். அந்துப்பூச்சியின் இறகு அடிப்படையில் நிறமற்ற மெல்லிய சவ்வு. அதன்மேல் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கும் நுண்செதில்களே நிறத்தையும் வடிவத்தையும் தருகின்றன. கூட்டைவிட்டு அன்றே வெளிவந்த பூச்சியில் வைரங்கள் கூர்மையாக இருக்கும். சில நாள் பறந்து, இலைகளில் உரசி, காற்றில் அலைக்கழிந்த பூச்சியில் செதில்கள் உதிர்ந்து, வெறும் சாம்பல்நிறப் பூச்சியே மிஞ்சும். ஆண்பூச்சியில் பட்டைக்கும் இறகின் பிற பகுதிக்கும் இடையிலான நிறவேறுபாடு பெரும்பாலும் அழுத்தமாக இருக்கிறது. பெண்பூச்சியில் முழு இறகுமே வெளிறியிருப்பதால் வைரம் மங்கித் தோன்றுகிறது. புழு வளர்ந்த காலத்தின் வெப்பநிலைக்கு ஏற்ப, முதிர்ந்த பூச்சியின் அளவும் மாறுகிறது. விரித்த இறகின் அகலம் பொதுவாக 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை என்று சொல்லலாம். ஆக, ஒரே தாயின் பிள்ளைகளை அருகருகே வைத்தாலும் இரண்டு வெவ்வேறு இனங்களோ என்று ஐயுறும் அளவுக்கு வேறுபாடு இருக்க முடியும். வெறும் நிறத்தை நம்பிப் புது இனங்களுக்குப் பெயரிட்டவர்கள் ஏன் பிழை செய்தார்கள் என்பது இதை நேரில் பார்த்தால் எளிதில் விளங்கும்.

புழுப்பருவம் இன்னும் நம்பகமான சான்றுகளைத் தருகிறது. முட்டைகள் மஞ்சள் நிறத்தவை, தட்டையான நீள்வட்ட வடிவினவை, அரை மில்லிமீட்டரைவிடச் சிறியவை. தாய்ப்பூச்சி அவற்றை இலையின் நரம்போரங்களில் ஒற்றையாகவோ சிறுசிறு தொகுதிகளாகவோ இடுகிறது. புழுப்பருவத்தில் நான்கு நிலைகள் உண்டு. பொரித்துவந்த முதல்நிலைப் புழு இலையின் மேற்றோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவே புகுந்து உள்சதையைத் தின்கிறது. பின்னைய நிலைகளில் வெளியே வந்து, ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டுவைத்துத் தின்பதால், கண்ணாடி பதித்த சாளரங்கள்போல் இலையில் ஒளிபுகும் திட்டுகள் தோன்றுகின்றன. முழுவளர்ச்சி பெற்ற புழு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வெளிர்பச்சை நிறத்தில், நடுவே பருத்து இருமுனைகளிலும் மெலிந்திருக்கும். கடைசிக் கால்கள் இரண்டும் பிரிந்து பின்னோக்கி நீண்டு கவட்டைபோல் நிற்கும். தொட்டால் வேகமாக நெளிந்து பின்னோக்கி நகரும். அப்போதும் விடாவிட்டால் இலையிலிருந்து குதித்து, தானே நூற்ற இழையில் தொங்கும். ஆபத்து நீங்கியதும் அதே இழையைப் பற்றி மேலேறி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வியப்புக் குறையாமல்தான் பார்த்திருக்கிறேன். கூட்டுப்புழுவைச் சுற்றி அது நெய்யும் கூடு பட்டுப்புழுவின் கூட்டைப்போல் இறுக்கமானதன்று, மீன்வலைபோல் கண்விட்டது. உள்ளே பச்சை நிறம் பழுப்பாக மாறுவதையும், இறுதி நாள்களில் கண்கள் கறுப்பதையும் கூட்டைப் பிரிக்காமலேயே காணலாம்.

இனி இதன் பெயரின் கதைக்கு வருகிறேன். கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட சிஸ்டமா நேச்சுரே என்னும் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில்தான் இந்த இனம் முறைப்படி பெயர்பெற்றது. செதில் இறகுடைய பூச்சிகள் அனைத்தையும் அவர் மூன்றே பேரினங்களில் அடக்கியிருந்தார். பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகள் பாப்பிலியோ. பருந்துபோல் பாய்ந்து பறப்பவை ஸ்பிங்க்ஸ். எஞ்சிய எல்லாமே ஃபலேனா. அந்த மூன்றாவது பேரினம் மிகப் பெரிதாகிவிட்டதால் அதை உட்பிரிவுகளாகப் பிரித்து, எந்த உட்பிரிவு என்பதைப் பெயரின் இறுதியிலேயே காட்டும்படி ஓர் ஒழுங்கையும் வகுத்தார். டார்ட்ரிக்ஸ் பிரிவினவற்றுக்கு ‘ஆனா’ என்ற ஈறு, பைராலிஸ் பிரிவினவற்றுக்கு ‘ஆலிஸ்’, டினியா என்ற மிகச் சிறியவற்றின் பிரிவுக்கு ‘எல்லா’. நம் பூச்சி ஃபலேனா டினியா சைலோஸ்டெல்லா ஆனது அப்படித்தான். இன்றும் ஓர் அந்துப்பூச்சியின் பெயர் ‘எல்லா’ என்று முடிந்தால் அது சிறியதாக இருக்கும் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பெயரின் ஈற்றிலேயே இலக்கணம் வைக்கும் இந்த முறை, விகுதியைக் கொண்டு திணையும் பாலும் அறிந்து பழகிய நமக்கு நெருக்கமானதாகவே தோன்றுகிறது.

ஈறு சரி, பெயரின் முற்பகுதிதான் சிக்கல். சைலோஸ்டெல்லா என்பது லோனிசெரா சைலோஸ்டியம் என்னும் புதர்ச்செடியின் பெயரிலிருந்து வந்தது. அச்செடியின் தண்டு எலும்பைப்போல் கடினமானது என்பதால், மரம், எலும்பு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு அப்படிப் பெயரிட்டார்கள். ஆனால் வைரமுதுகுப் பூச்சியின் புழு அந்தச் செடியைத் தின்பதில்லை. அதன் உணவு கடுகுக் குடும்பத்துத் தாவரங்கள். லோனிசெராவைத் தின்னும் வேறோர் அந்துப்பூச்சி ஐரோப்பாவில் உண்டு. இன்று அதற்கு இப்சோலோஃபா டென்டெல்லா என்று பெயர். அதன் பழுப்பு இறகிலும் பின்விளிம்பை ஒட்டி வெளிர்நிறப் பட்டை ஓடுகிறது, அந்தப் பட்டையும் பல்போல் ஓரிடத்தில் மேலெழுகிறது. பழைய நூல்கள் சிலவற்றில் சைலோஸ்டெல்லா என்ற பெயர் இந்த இரண்டாம் பூச்சியைக் குறிக்கவே பயன்பட்டிருக்கிறது. ஒரே மாதிரியான பட்டை இரண்டு இறகுகளில் இருந்ததால் ஒரு பெயர் இரண்டு பூச்சிகளுக்கு நடுவே நெடுங்காலம் ஊசலாடியது.

அந்த ஊசலாட்டத்தின் விளைவாக வேறு பெயர்கள் எழுந்தன. 1832இல் ஜான் கர்ட்டிஸ் மாக்குலிபென்னிஸ் என்று பெயரிட்டார். புள்ளியிறகுடையது என்பது பொருள். 1843இல் செல்லர் குரூசிஃபெராரம் என்றார். சிலுவை வடிவப் பூக்களையுடைய கடுகுக் குடும்பத்தோடு தொடர்புடையது என்பது பொருள். இரண்டுமே பொருத்தமான பெயர்கள். பின்னது மிகவும் பொருத்தமானது என்பேன். 20ஆம் நூற்றாண்டின் வேளாண் நூல்களில் நெடுங்காலம் புளூட்டெல்லா மாக்குலிபென்னிஸ் என்ற பெயரே வழங்கியது. பழைய கட்டுரைகளைத் தேடுவோர் அந்தப் பெயரிலும் தேடினால்தான் அவற்றில் பாதியாவது கையில் சிக்கும். ஆயினும் விலங்குப் பெயரிடல் விதிகளின்படி முந்திவந்த பெயருக்கே முதலிடம். பெயர் சொல்லும் செய்தி தவறானது என்பது அதை நீக்கக் காரணமாகாது. எனவே, தான் தொடாத ஒரு செடியின் பெயரைச் சுமந்துகொண்டே இந்தப் பூச்சி நிலைபெற்றுவிட்டது. இந்த விதியைக் குறைகூறுவோரைச் சந்தித்திருக்கிறேன்; நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பொருத்தம் பார்த்துப் பெயரை மாற்றத் தொடங்கினால் ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்ததற்கேற்ப மாற்றிக்கொண்டே போகும், முன்னவர் எழுதியது எதுவும் பின்னவர் கைக்கு வந்து சேராது.

பேரினமும் குடும்பமும்கூட இதேபோல் நகர்ந்தவைதாம். புளூட்டெல்லா என்ற பேரினத்தை 1802இல் ஷ்ராங்க் அமைத்தார். புளூட்டெல்லிடே குடும்பம் 1845இல் கெனே பெயரிட்டது. எனினும் இதைத் தனிக் குடும்பமாகக் கொள்ளாமல் இப்போனோமியூட்டிடே என்ற குடும்பத்தின் துணைப்பிரிவாகவே வைத்திருந்தவர்கள் பலர். சற்றுமுன் கண்ட இப்சோலோஃபாவையும் இதே குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்த காலம் உண்டு. இன்று அது இப்சோலோஃபிடே என்ற தனிக் குடும்பம். இவை யாவும் இப்போனோமியூட்டாய்டியா என்னும் பெருங்குடும்பத்துக்குள் அடங்குகின்றன. இப்பெருங்குடும்பத்தில் ஏறத்தாழ 1,800 இனங்களும், புளூட்டெல்லிடேயில் ஏறத்தாழ 150 இனங்களும் இதுவரை பெயர்பெற்றுள்ளன. லின்னேயஸ் எந்த டினியா பிரிவில் இதை வைத்தாரோ அந்தப் பெயர் இப்போது கம்பளித் துணிகளை அரிக்கும் பூச்சிகளின் குடும்பத்துக்கு உரியதாகிவிட்டது. அக்குடும்பத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. சிறியவை அனைத்தும் ஒரே உறவுக்கூட்டம் என்ற பழைய கருத்து, உருவ அளவை உறவாக எண்ணிய மயக்கமேயன்றி வேறில்லை.

அப்படியானால் எதைக் கொண்டு உறவைத் தீர்மானிக்கிறார்கள்? பெருங்குடும்பத்தை இணைக்கும் தனிப்பண்பு ஆண்பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கிறது. எட்டாவது வளையத்தின் பக்கத்தட்டுகள் பின்னோக்கி விரிந்து, இரண்டு உள்ளங்கைகளைக் குவித்தாற்போல் இனப்பெருக்க உறுப்பை இருபுறமும் மூடிக்கொண்டிருக்கின்றன. கைலென்ஸில் பார்க்கக் கூடிய அடையாளங்களும் சில உண்டு. உறிஞ்சுகுழலின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும்: கெலிக்கியாய்டியா என்னும் மற்றொரு பெரிய சிறுபூச்சிக் கூட்டத்தில் அங்கே செதில்கள் போர்த்தியிருக்கும், இங்கே வெறுமையாக இருக்கும். வாயின் இருபுறமும் நீளும் சிறு உணர்வுறுப்புகளின் இரண்டாம் கணுவில், புளூட்டெல்லாவில், முன்னோக்கித் துருத்திய செதில்கற்றை ஒன்று தூரிகைபோல் நிற்கும். மூன்றாம் கணு அதிலிருந்து கூர்மையாக மேல்நோக்கி எழும். வைரத்தைத் தேடும் அவசரத்தில் நாம் பார்க்கத் தவறுவது இந்தச் சிறு முகத்தைத்தான். புதிதாகப் பூச்சி பார்க்கத் தொடங்குவோர் இறகைவிட்டு முகத்தைப் பார்க்கப் பழகுவார்களானால், இரண்டு ஆண்டு உழைப்பு மிச்சமாகும் என்று என் பட்டறிவிலிருந்து சொல்வேன்.

வைரம் எவ்வளவு குறைந்த சான்று என்பதை எவரும் மறுக்க முடியாதபடி காட்டியது 2013. பூச்சிகளின் இழைமணியில் உள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டைப் படித்து இனங்களை அடையாளம் காணும் முறையை டி.என்.ஏ. பட்டைக்குறியீடு என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்துப்பூச்சிகளை அம்முறையில் ஆராய்ந்தபோது, வைரமுதுகுப் பூச்சி என்று எல்லோரும் கருதியிருந்தவை இரண்டு குழுக்களாகப் பிரிந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 8.6 சதவீதம். ஒரே இனத்துக்குள் இது பெரும்பாலும் 2 சதவீதத்தை எட்டுவதில்லை. இறகை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் ஒப்பிட்டபோதுதான் வடிவ வேறுபாடு தெரிந்தது. ஆய்வாளர்களான ஜான் ஃபிரான்சுவா லாண்ட்ரியும் பால் ஹெபெர்ட்டும் புதிதாகத் தெரியவந்த குழுவுக்குப் புளூட்டெல்லா ஆஸ்திரேலியானா என்று பெயரிட்டார்கள். உலகில் மிக விரிவாக ஆராயப்பட்ட பூச்சிகளில் ஒன்றின் பக்கத்திலேயே, அதே மூன்று வைரங்களோடு, இன்னோர் இனம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. பின்னர் நடந்த ஆய்வுகளில், ஆய்வகத்தில் அடைத்துவைத்தால் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்து சந்ததி ஈனக் கூடியவை என்றும் தெரியவந்தது. என்றாலும் வயல்வெளியில் அவற்றின் மரபுத்தொகுதிகள் தனித்தனியாகவே நிற்கின்றன. இனம் என்பதற்கு நாம் பள்ளியில் படித்த எளிய வரையறை இங்கே போதவில்லை என்பதை நான் மிகுந்த மதிப்போடு எழுதுகிறேன்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் மட்டும் பொருட்படுத்தத் தக்கது அன்று. வைரமுதுகுப் பூச்சி 1953இல் ஜாவாவில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி மருந்துக்குத் தாங்குதிறன் காட்டிய பூச்சி. பூச்சிக்கொல்லியாகத் தெளிக்கப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிரியின் நச்சுக்கு வயல்வெளியில் எதிர்ப்பு பெற்ற முதல் பூச்சியும் இதுவே, அது 1990இல் ஹவாயிலிருந்து பதிவானது. வலையில் விழுந்தவற்றை எல்லாம் ஒரே பெயரில் எண்ணினால், எந்த மருந்துக்கு எது தப்பியது என்ற கணக்கே பிழையாகிவிடும்.

தோற்றம் நம்மை ஏமாற்றும் இடத்தில் உணவு சில நேரம் வழிகாட்டுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடுகுக் குடும்பத்துச் செடியை மெல்லும்போது நாக்கில் சுரீர் என்று ஏறும் காரம், குளுக்கோசினோலேட்டு என்னும் சேர்மங்கள் ஒரு நொதியோடு கலந்து உடைவதால் உண்டாவது; பெரும்பாலான பூச்சிகளுக்கு அது நஞ்சு. இந்தப் புழுவின் குடலில் உள்ள இன்னொரு நொதி, அந்தச் சேர்மத்திலிருந்து சல்பேட்டுப் பகுதியை முன்கூட்டியே கழற்றிவிடுவதால் காரம் பிறப்பதே இல்லை. இதன் உறவினங்களும் அதே வேதியியலைச் சுற்றியே வாழ்கின்றன: போரெக்டெல்லா கடுகுக் குடும்பத்தின் ஹெஸ்பெரிஸ் செடியில், வட அமெரிக்காவின் ஆர்மொரேசியே காரமுள்ளங்கியில், ஹவாய்த் தீவுகளின் கப்பாரிடிஸ், கடுகுக்கு உறவான கப்பாரிஸ் செடியில். லின்னேயஸுக்கு வாய்த்த செடித் தகவல் மட்டும் சரியாக இருந்திருந்தால், பெயரே இப்பூச்சியின் வாழ்வைச் சொல்லியிருக்கும். எனினும் உணவையும் கண்மூடித்தனமாக நம்பக்கூடாது. கென்யாவில் இதே வைரமுதுகுப் பூச்சியின் ஒரு கூட்டம் பட்டாணிப் பயிருக்கு மாறியது பதிவாகியிருக்கிறது.

என் குறிப்பேட்டில் தொடக்க காலத்தில் எழுதிய பதிவுகள் எல்லாவற்றிலும் சைலோஸ்டெல்லா என்ற பெயர் தயக்கமின்றி எழுதப்பட்டிருக்கிறது. இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். படம் மட்டும் கைவசம் இருந்தால், புளூட்டெல்லா பேரினம் என்பதோடு நிறுத்திக்கொண்டு, எந்தச் செடி, எந்த நாள், இறகு மடித்த நிலையா விரித்த நிலையா என்பவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். இறந்து கிடைத்த பூச்சி என்றால் வயிற்று நுனி சிதையாமல் சாராயக் குப்பியில் இட்டு, பென்சிலால் எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு மூடிவிடுகிறேன். கடுகுச் செடியில் அன்று கண்ட பூச்சியை நான் பிடிக்கவில்லை. என் மூச்சுக்காற்று பட்டதும் இலையிலிருந்து தாழப் பறந்து அடுத்த செடிக்குப் போய்விட்டது. அதன் பெயருக்கு எதிரே இப்போது ஒரு கேள்விக்குறி இட்டிருக்கிறேன்.